டெக்சஸில் சார்ட்டர் பள்ளி ஆசிரியர் வேலை: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் மதுரைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் கணக்கு எடுத்தவர், எம்.எஸ்சி., பி.எட். இப்போது கணவரின் வேலை காரணமாக ஹூஸ்டனில் இருக்கிறார். கையில் எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை) உண்டு, டெக்சஸ் ஆசிரியர் சான்றிதழ் இன்னும் இல்லை. பக்கத்து ஐ.எஸ்.டி. (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளி மாவட்டம்) பள்ளிகள் "சான்றிதழோடு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டன. ஒரு சார்ட்டர் பள்ளி மட்டும் ஏழாம் வகுப்புக் கணக்குக்கு ஆகஸ்ட்டிலேயே சேரச் சொல்கிறது. சேரலாமா, அல்லது ஒரு வருடம் வீட்டிலிருந்து சான்றிதழை முடித்துக்கொண்டு ஐ.எஸ்.டி.க்கே போகலாமா? சார்ட்டரில் வேலைப் பாதுகாப்பு உண்டா?

சேரலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அங்கேயே பதினைந்து வருடம் இருந்து ஓய்வு பெறும் எண்ணத்தோடு சேர வேண்டாம். ஆஃபர் லெட்டரில் சில விஷயங்களைப் பார்க்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். இதே ஊரில் முதலில் சார்ட்டரிலும் அப்புறம் ஐ.எஸ்.டி.யிலும் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இரண்டு பக்கத்தையும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் பலர் சார்ட்டர் என்றதும் தனியார் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஃபீஸ் கிடையாது; விண்ணப்பம் இடத்தைவிட அதிகமாக வந்தால் குலுக்கல். பணம் அரசுப் பணம், நடத்துவது தனி அமைப்பு. நீங்கள் வேலை பார்த்த உதவி பெறும் பள்ளிதான் இதற்கு ஓரளவு கிட்டத்தில் வரும். ஆனால் அங்கே நிர்வாகம் யார் கையில் இருந்தாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவருக்கு அரசு ஊதியம் வந்துவிடும். இங்கே அரசு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று நிர்வாகத்திடம் கொடுப்பதோடு சரி. அதில் உங்களுக்கு எவ்வளவு, கட்டிட வாடகைக்கு எவ்வளவு, தலைமை அலுவலகத்துக்கு எவ்வளவு என்பதை நிர்வாகம்தான் தீர்மானிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1988-ல் இந்த யோசனையை நாடு முழுக்கப் பேச வைத்தவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர்: அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே சேர்ந்து சின்னச் சின்னப் பள்ளிகளை நடத்திப் புது முறைகளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டத்தைப் போட்டது, 1995-ல் டெக்சஸ் வந்து சேர்ந்தது. அதற்குள் விஷயம் ஆசிரியர் கையை விட்டு நிர்வாக அமைப்புகளின் கைக்குப் போயிருந்தது, ஷாங்கரே அதை எதிர்க்க ஆரம்பித்திருந்தார். இன்று நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் பிள்ளைகள் சார்ட்டர்களில் படிக்கிறார்கள். அதில் பெரிய பங்கு, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய அமைப்புகளுடையது. உங்களைக் கூப்பிட்டிருப்பதும் அநேகமாக அப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

சார்ட்டர் என்பது அரசுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு பேரம். "உனக்குச் சில விதிகளிலிருந்து விலக்கு தருகிறேன். பதிலுக்கு ரிசல்ட் காட்டு. காட்டாவிட்டால் மூடிவிடுவேன்." எந்த விதிகளிலிருந்து விலக்கு என்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி ஆசிரியரைப் பற்றிய விதிகள். சார்ட்டர் வேலையின் நல்லதும் கெட்டதும் கிட்டத்தட்ட முழுக்க இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. உங்களைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதும் அந்த விலக்குதான். நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் காரணம் சொல்லாமல் உங்களை வெளியே அனுப்ப வழி விடுவதும் அதேதான்.

டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 21-வது அத்தியாயத்தில்தான் ஆசிரியரின் ஒப்பந்தம், வேலைநீக்கத்துக்கு முன் நோட்டீசும் விசாரணையும், குறைந்தபட்ச சம்பள அட்டவணை, இரண்டு வாரத்துக்கு 450 நிமிடம் பாடத் தயாரிப்பு நேரம், டியூட்டி இல்லாத அரை மணி நேர மதிய உணவு எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சார்ட்டரைக் கட்டுப்படுத்தாது. நான்காம் வகுப்பு வரை வகுப்புக்கு 22 பேர் என்ற வரம்பும் ஐ.எஸ்.டி.களுக்குத்தான். சார்ட்டரில் சட்டம் கேட்பது பட்டப்படிப்பு. சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி போன்ற பணிகளுக்கு மட்டும் சான்றிதழும் வேண்டும். நல்ல நிர்வாகங்கள் தயாரிப்பு நேரத்தைத் தாமாகவே கொடுக்கின்றன, சில ஐ.எஸ்.டி.யைவிட அதிகமாகவே கொடுக்கின்றன. ஆனால் அது அவர்கள் மனசு. பக்கத்து ஆசிரியர் லீவு போட்ட அன்றைக்கு அந்த நேரம் உங்கள் கையை விட்டுப் போனால், கேட்க விதி இல்லை.

இந்த விலக்கில் ஆசிரியருக்குச் சாதகமான ஒரு மூலையும் இருக்கிறது. ஐ.எஸ்.டி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், பள்ளி தொடங்க 45 நாளுக்குள் வந்துவிட்டால் நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் விலக முடியாது. விலகினால் சான்றிதழ் வாரியத்துக்குப் புகார் போகும், சான்றிதழே ஒரு வருடம் முடங்கிப்போகக்கூடும். சார்ட்டரில் பெரும்பாலும் 'அட்-வில்' வேலை (இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்) என்பதால் இந்தத் தளை இல்லை. கணவருக்கு அக்டோபரில் சியாட்டிலுக்கு மாற்றல் வந்தால் இரண்டு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எச்-4-ல் இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. சைனிங் போனஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே நாள் எப்படி இருக்கும்?

காலை 7:10-க்குப் பளபளக்கும் மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் வாக்கி-டாக்கியோடு, கார் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். டெக்சஸ் ஆகஸ்ட்டில் அந்த நேரத்துக்கே சட்டை நனைந்துவிடும். அப்புறம் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம். உள்ளே நுழைந்ததும் பலகையில் 'டூ நவ்' என்று இரண்டு மூன்று கணக்குகள், டைமரில் நான்கு நிமிடம். பிறகு பாடம், ஜோடியாகப் பேசுவது, தனியாகச் செய்வது, கடைசி ஐந்து நிமிடத்தில் 'எக்ஸிட் டிக்கெட்' என்று ஒரு துண்டுத் தேர்வு. மாலைக்குள் அதைத் திருத்திச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராக ஷீட்டில் ஏற்றியிருக்க வேண்டும். வியாழக்கிழமை டேட்டா மீட்டிங்கில் அந்தச் சிவப்புக் கட்டங்களைப் பற்றித்தான் பேச்சு. ஐ.எஸ்.டி. பள்ளிகளிலும் இப்போது இதில் பாதி வந்துவிட்டது. 2023 ஜூனில் மாநிலம் ஹூஸ்டன் ஐ.எஸ்.டி.யின் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சார்ட்டர் அமைப்பு நடத்திய மைக் மைல்ஸைக் கண்காணிப்பாளராகப் போட்ட பிறகு, அங்கே பல பள்ளிகளில் இந்த டைமர்தான் ஓடுகிறது. 'அந்தப் பக்கம் போனால் நிம்மதி' என்று யாராவது சொன்னால், எந்த ஐ.எஸ்.டி. என்று திருப்பிக் கேளுங்கள்.

சார்ட்டரின் நிஜமான பலம் பயிற்சி. இதை நான் மனசார ஒத்துக்கொள்கிறேன். நம் ஊரில் ஆய்வுக்கு அதிகாரி வருவது வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் ரிஜிஸ்டர் பார்க்க. இங்கே நல்ல சார்ட்டரில் கோச் ஒருவர் வாரா வாரம் வகுப்பின் பின்னால் டேப்லெட்டோடு வந்து உட்காருவார். அன்று மாலையே மெயில் வரும். என் முதல் வருடத்தில் வந்த குறிப்புகள் இப்படி இருக்கும்: "கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூட விடாமல் நீங்களே பதிலைச் சொல்லிவிடுகிறீர்கள். நாளை மூன்று நொடி வாயைத் திறக்காமல் நில்லுங்கள்." "'சத்தம் போடாதே' என்கிறீர்கள். அதற்குப் பதில் 'பென்சில் கீழே, கண் பலகையில்' என்று, அவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்." ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம். அடுத்த வாரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. படிக்கும்போது சுருக்கென்று இருக்கும். ஆனால் அமெரிக்க வகுப்பறையைப் பார்த்தே இராதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஐ.எஸ்.டி.யில் மென்டர் என்று ஒருவரைப் பேருக்குப் போடுவார்கள். அவருக்கும் அதே பீரியடில் வகுப்பு இருக்கும்.

கணக்கு ஆசிரியர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பின்ன வகுத்தல் என்றால் நமக்கு "இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு", இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளை "ஏன் தலைகீழாக்கணும்?" என்று கேட்பான். கேட்காவிட்டாலும் பாடத்திட்டம் கேட்கும். முக்கால் கப் மாவில் எத்தனை அரைக்கால் கப் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டித்தான் விதிக்கு வர வேண்டும். உங்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்படிச் சொல்லிக்கொடுப்பது வேறு திறமை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர ஆள் வைத்திருப்பது சார்ட்டர்தான்.

அதே பலத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பாடத்தின் ஸ்லைடுகள் தலைமை அலுவலகத்திலிருந்து தயாராக வரும். செவ்வாய்க்கிழமை எல்லாக் கிளையிலும் ஒரே பாடம், ஒரே கேள்வி, சில இடங்களில் நீங்கள் பேச வேண்டிய வாக்கியம்கூட எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு நேற்றைய பாடமே புரியவில்லையே, இன்னொரு நாள் எடுக்கிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள். புதிதாகக் கல்லூரி முடித்து வந்த 23 வயசுக்காரருக்கு இது வசதி. ஆறு வருடம் சொந்தமாகப் பாடம் நடத்தியவருக்கு, முதல் வருடம் போனதும் மூச்சு முட்ட ஆரம்பிக்கும். நான் கிளம்பியதற்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

ஒழுங்குமுறை பற்றிப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையில் ஒட்டிய டேப் மேல் வரிசையாக, பேசாமல் நடக்கும் பிள்ளைகள். சட்டை வெளியே வந்தால் ஒரு டீமெரிட் (தண்டனைப் புள்ளி). பேசுகிறவர் முகத்தையே பார்த்து உட்கார வேண்டும். தொண்ணூறுகளிலிருந்து பெரிய சார்ட்டர் அமைப்புகள் பல இப்படித்தான் பேர் வாங்கின. 1994-ல் இதே ஹூஸ்டனில் பிறந்த கிப் அமைப்பு, 'கடுமையாக உழை, நல்லபடியாக நட' என்ற தன் பழைய முழக்கத்தை 2020-ல் கைவிட்டது. கறுப்பின, லத்தீனோ பிள்ளைகளைச் சொன்னபடி கேட்கப் பழக்குவதாக அது இருக்கிறது என்ற விமர்சனத்தை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பல இடங்களில் பிடி தளர்ந்திருக்கிறது, சில இடங்களில் அப்படியேதான். என் அபிப்பிராயம்: சத்தமில்லாத வராண்டாவில் தப்பில்லை, அடுத்த வகுப்பு அமைதியாகத் தொடங்கும். ஆனால் மணிக்கு மணி டீமெரிட் எண்ணிக்கொண்டிருக்கும் வேலை, பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. நம் ஊர் வாத்தியார்களுக்கு முதலில் இந்தக் கட்டுப்பாடு பிடித்துப்போகும். பன்னிரண்டு வயசுப் பையன் நாலாவது தடவை அதே டீமெரிட்டுக்காக வெளியே நிற்கும்போதுதான் யோசனை வரும்.

நேரம்தான் பலரை விரட்டுகிறது. பள்ளி நாளே நீளம். அப்புறம் ட்யூட்டரிங், சில சனிக்கிழமைகள், வாரம் இத்தனை பெற்றோருக்குப் போன் என்ற கணக்கு. ஆரம்பகால கிப் பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு ராத்திரி கூப்பிட ஆசிரியர்கள் கையில் செல்போன் கொடுத்தது ஊரறிந்த கதை. இப்போது அது குறைந்தாலும், 'எப்போதும் கிடைப்பவரே நல்ல ஆசிரியர்' என்ற எண்ணம் பல பள்ளிகளில் போகவில்லை. கூட வேலை பார்ப்பவர்களில் பலர் முப்பது வயசுக்குள், கல்யாணமாகாதவர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜூம் மீட்டிங் போடுவது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. உங்களுக்குச் சின்னக் குழந்தை இருந்தால், பள்ளி முடியும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆசிரியர்களின் கார்கள் கிளம்பும் நேரத்தை வைத்துப் போடுங்கள். ஒரு நாள் ஐந்து மணிக்கு அந்தப் பள்ளி பார்க்கிங்கைப் போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஆள் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். ஐ.எஸ்.டி.யைவிடச் சார்ட்டரில் ஆசிரியர்கள் வேகமாக விலகுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். ஆனால் தங்குபவருக்கு அதுவே படிக்கட்டு. நான்காவது வருடத்தில் கிரேடு லீட் (ஒரு வகுப்பின் ஆசிரியர்களுக்குப் பொறுப்பாளர்), ஆறாவது வருடத்தில் துணை பிரின்சிபல் என்று ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகம் பக்கம் போக ஆசை இருந்தால் ஐ.எஸ்.டி.யில் அந்த வேகம் கிடைக்காது.

இப்போது பணம். ஹூஸ்டன் சுற்றுவட்டார ஐ.எஸ்.டி.களில் புது ஆசிரியர் சம்பளமே 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. சார்ட்டரில் சிலர் அதே அளவு கொடுக்கிறார்கள், பலர் கொஞ்சம் குறைவாக. ஆரம்பச் சம்பளத்தைவிட முக்கியம், வருடா வருடம் ஏறும் அட்டவணை எழுத்தில் இருக்கிறதா என்பது. ஐ.எஸ்.டி.யில் உங்கள் பத்தாவது வருடச் சம்பளம் என்ன என்பதை இன்றைக்கே அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம். சார்ட்டரில் பெரும்பாலும் அது மதிப்பீட்டையும் பிரின்சிபலின் அபிப்பிராயத்தையும் பொறுத்தது. ஒன்று மட்டும் பொது: 2019-ல் மாநிலம் கொண்டுவந்த ஆசிரியர் ஊக்கத்தொகைத் திட்டத்தில் சார்ட்டர் ஆசிரியருக்கும் பங்கு உண்டு, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி என்றால் தொகையும் அதிகம். ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும், பள்ளியும் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

பென்ஷன் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. டெக்சஸில் சார்ட்டர் ஆசிரியரும் மாநில ஆசிரியர் ஓய்வூதியத்தில் (டி.ஆர்.எஸ்.) சேர்ந்துவிடுவார், சம்பளத்தில் 8.25 சதவீதம் பிடிப்பார்கள், ஐந்து வருடம் முடிந்தால் பென்ஷன் உரிமை. ஆனால் உங்களை வேலைக்கு எடுப்பது சார்ட்டர் பெற்ற அமைப்பே நேரடியாக இருக்க வேண்டும். பள்ளியை நடத்த அமர்த்திய மேனேஜ்மென்ட் கம்பெனியின் பெயரில் ஆஃபர் லெட்டர் வந்தால் கதை வேறு. அதனால் லெட்டரில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவுக்குத் திரும்பும் யோசனை இருந்தால், ஐந்து வருடத்துக்கு முன் கிளம்பினால் உங்கள் பங்கு மட்டும்தான் வட்டியோடு கையில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தலைமை அலுவலகம் எப்படிச் செலவு செய்கிறது என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 2000-ல் தொடங்கி இன்று மாநிலத்தின் மிகப் பெரிய சார்ட்டர் அமைப்புகளில் ஒன்றாக இருக்கும் ஐடியா, 2019 டிசம்பரில் தனி ஜெட் விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க முடிவு செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. அதே அமைப்பின் பள்ளிகளில் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலைப் பாதுகாப்பு என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக நடத்தினாலும் பள்ளியே மூடலாம். 2013-ல் வந்த டெக்சஸ் சட்டப்படி, கல்வித் தரத்திலோ நிதி நிர்வாகத்திலோ மூன்று வருடம் தொடர்ந்து தேறாத சார்ட்டரின் அனுமதி ரத்தாகிவிடும். பிள்ளைகள் குறைந்தாலும் ஆபத்து: இங்கே மாநிலப் பணம் தினசரி வருகையின் சராசரியை வைத்து வருகிறது, சொத்துவரி வசூல் சார்ட்டருக்குக் கிடையாது. அதனால்தான் ஜூலையில் ஆசிரியர்களையே அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாகப் போய்ப் பிள்ளை பிடிக்கச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. பழைய, பெரிய அமைப்பு என்றாலும் முழு உத்தரவாதம் கிடையாது. சிகாகோவின் அசெரோ சார்ட்டர் தன் 15 பள்ளிகளில் 7-ஐ மூடப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது.

அதே அசெரோ ஆசிரியர்கள்தான் 2018 டிசம்பரில் நாட்டின் முதல் சார்ட்டர் வேலைநிறுத்தத்தை நடத்திச் சம்பளத்தையும் வகுப்பு அளவையும் பேசி வாங்கியவர்கள். ஆனால் இந்தக் கதையைப் படித்துவிட்டு டெக்சஸில் ஐ.எஸ்.டி. என்றால் சங்கம் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கூட்டுப்பேர உரிமையே கிடையாது, வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஆக, சார்ட்டருக்கும் ஐ.எஸ்.டி.க்கும் உள்ள இடைவெளி இங்கே இல்லினாயையோ நியூயார்க்கையோவிடச் சின்னது. உங்கள் தோழி நியூஜெர்சியில் இருந்துகொண்டு "சார்ட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்றால், அவர் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். கலிபோர்னியாவில் 2019-க்குப் பிறகு சார்ட்டர் ஆசிரியருக்கும் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது, அரிசோனாவில் இன்னும் தேவையில்லை. மாநிலம் மாறினால் பதிலும் மாறும்.

பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் படிக்கிறார்களா என்றால், பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஸ்டான்ஃபோர்டின் க்ரெடோ மையம் 2009-ல் பார்த்தபோது பல சார்ட்டர்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிடப் பின்தங்கியிருந்தன. 2023-ல் சராசரியாகக் கொஞ்சம் முன்னே வந்திருந்தன. ஆன்லைன் சார்ட்டர்கள் மட்டும் படுமோசம். வீட்டிலிருந்தே வேலை என்று அப்படி ஒன்று கூப்பிட்டால், வேண்டாம்.

நேர்காணலில் அவர்கள் உங்களை ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அது முடிந்ததும் நீங்களும் கேளுங்கள், இங்கே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இடம் ஏன் காலியாச்சு, இதற்கு முன் இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார்? போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர், சிறப்புக் கல்வித் திட்டம் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இன்னொரு ஆசிரியர் கூட இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிறப்புக் கல்விச் சட்டம் சார்ட்டருக்கும் பொருந்தும், ஆனால் அதற்கான ஆள் பல சின்னப் பள்ளிகளில் பேப்பரில்தான் இருப்பார். முடிந்தால் பிரின்சிபல் இல்லாமல் ஒரு ஆசிரியரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே சான்றிதழ் வேலையை ஓட்டுங்கள். இந்திய மார்க் ஷீட்டுகளை மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள், வாரக்கணக்கில் ஆகும். மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் என்றால் சில இடங்களில் இழுப்பார்கள்; உங்களிடம் எம்.எஸ்சி. இருப்பதால் கவலை குறைவு. மாற்றுச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றில் சேர்ந்து, கணக்குப் பாடத் தேர்வை எழுதித் தேறினால், இன்டர்ன் சான்றிதழோடு இதே சார்ட்டர் வேலையையே பயிற்சி வருடமாகக் காட்டலாம். அதைப் பள்ளி ஒத்துக்கொள்கிறதா, ஃபீசில் பங்கு தருகிறதா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான தேர்வு எளிது. ஆனால் ஏழு முதல் பன்னிரண்டு வரைக்கானதை எழுதினால் பின்னால் உயர்நிலைப் பள்ளிக்கும் போகலாம். உங்கள் படிப்புக்கு இரண்டாவதையே எழுதுங்கள். மதுரைப் பள்ளியின் அனுபவச் சான்றையும் வரவழைத்து வையுங்கள். அந்த ஆறு வருடத்தை ஒரு ஐ.எஸ்.டி. கணக்கில் எடுத்துக்கொண்டால் சம்பள அட்டவணையில் நேராக மேலே போய் உட்காரலாம். சார்ட்டரை விட்டு வரும்போது 'சர்வீஸ் ரெக்கார்டு' கேட்டு வாங்க மறக்காதீர்கள். பள்ளி மூடிய பிறகு அதற்காக அலைந்தவர்கள் உண்டு.

இ.ஏ.டி. எப்போது முடிகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கார்டு தானாக நீளும் வசதி எடுபட்டுவிட்டது. பிப்ரவரியில் கார்டு முடிந்து புதுக் கார்டு வராவிட்டால் அன்றைக்கே வகுப்பை விட்டு வெளியே வர வேண்டியதுதான், 'அட்-வில்' பள்ளி உங்களுக்காக இடத்தை வைத்துக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கார்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, தேதியை எச்.ஆரிடமும் சொல்லி வையுங்கள்.